கிணற்றடிக்குப் போன பெட்டி

பளைச் சந்தியிலிருந்து கிழக்கே இறங்கும் மணல் ஒழுங்கையில் நடராசாவின் சைக்கிள் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. நான்கு பனங்கப்பு, மேலே தகரம், உள்ளே ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவுதான். பழுதாய்ப்போன சாமான் ஒன்றைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இராது. காற்றடிக்க வந்தவனின் குடைக் கம்பி வளைந்திருந்தால் குடையைப் பறித்து வைத்துக்கொண்டு கழற்றத் தொடங்கிவிடுவார். அவன் மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் போவான். திருத்திய குடை மறுநாள் நல்ல வெயிலில் அவனிடம் போய்ச் சேரும். ஐம்பத்தெட்டு வயதாகியும் பொறுமை என்ற ஒன்றுமட்டும் அவருக்குக் கைவரவில்லை.

அந்தக் கடைக்கு றிமோட்டில் ஓடும் லொறி ஒன்று வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் சாமான். ஒரு முழத்துக்கு மேல் நீளம், ஆறு சில்லு. பளை மணலில் ஓடவிட்டதில் பற்சில்லு உடைந்துபோக, "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். நடராசா பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். அவர் விடுவாரா? பழைய மெசின் ஒன்றின் பற்சில்லை அராவிப் பொருத்தினார். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றை அதன் முதுகில் கட்டினார். அதன்பிறகு அதைப் பொம்மை என்று எவரும் சொல்லவில்லை. கடையில் இருந்தபடியே லொறியை எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடைக்கு அனுப்பி வடை ஏற்றிக்கொண்டு வரச் செய்வார். பஸ்ஸுக்கு நின்ற சனம் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் அடுப்பெரியும் குசினி. குசினிக்கு அப்பால் ஒரு வரிசைத் தென்னை. தென்னைகளுக்கு அப்பால் சிவப்புத் தடிகள்.

காணி முழுவதும் நடராசாவின் தகப்பன் வாங்கிய காணிதான். சண்டைக்காலத்தில் அதன் பின்பக்கத்தால் மண் அணை ஒன்று போனது. அணையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறி ஆட்கள் இருந்து, போகிறபோது இரண்டு தரப்பும் மண்ணுக்குள் வெடி விதைத்துவிட்டுப் போனார்கள். இடம்பெயர்ந்து, வன்னி முழுவதும் அலைந்து, முகாமில் கிடந்து, கடைசியில் திரும்பி வந்தபோது முன்பாதியை மட்டும் கையில் கொடுத்தார்கள். பின்பாதியைச் சிவப்புத் தடி நட்டு மறித்து மண்டையோட்டுப் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். நன்னீர்க் கிணறு அந்தப் பாதிக்குள் அகப்பட்டுக்கொண்டது. முன்பக்கம் புதிதாக வெட்டிய கிணறு உவர். உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது. தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க முடியாது. நடராசாவின் மனைவி விமலேஸ்வரி இரண்டு பிளாஸ்டிக் கானைச் சைக்கிளில் கட்டி ஊர்க்கோடியில் இருந்து தண்ணீர் சுமந்தார். குசினி யன்னலைத் திறந்தால் சொந்தக் கிணற்றின் கட்டுத் தெரியும். அவர் அந்த யன்னலைத் திறப்பதில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விமலேஸ்வரி செய்த வேலையே மிதிவெடி அகற்றுவதுதான். திரும்பி வந்த நாளிலிருந்து, வெளிநாட்டுக் காசில் நடந்த நிறுவனம் ஒன்றில் வருடக்கணக்காக அந்த வேலை. நீலக் கவசத்தைப் போட்டு, முகத்துக்குக் கண்ணாடி மூடியை இறக்கி, வெயிலில் முழங்காலில் நின்று, கம்பியால் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்த பெண்களில் அவரும் ஒருவர். அவர் துப்புரவாக்கிக் கொடுத்த காணிகளில் இன்று மரவள்ளி நிற்கிறது, வீடு நிற்கிறது, சனம் பொங்கல் பொங்குகிறது. அவருடைய காணியின் முறை மட்டும் வரவில்லை. "அடுத்த வருசம் உங்கட பக்கம்தான் அக்கா" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். பிறகு வெளிநாட்டுக் காசு குறைந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்தார்கள். முழங்கால் தேய்ந்த விமலேஸ்வரியை முதலாவதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீர்க் கானும் சைக்கிளும் அவருக்கு மிஞ்சின.

போன வருடம் சித்திரை கழிந்த கையோடு மகள் வினோஜா பரந்தனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். கலியாணம் முடித்து மூன்று வருடத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கியிருக்கிறது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். கார்த்திகையில் வருவாள், தையில் பிள்ளை பிறக்கும், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை இங்கேதான் இருப்பாள். விமலேஸ்வரி சந்தோசத்தில் அழுதார். அழுது முடித்ததும் தண்ணீரை நினைத்தார்.

"பெத்தவளுக்கு வேது குடுக்க, இலை அவிச்சுச் சுடச்சுட வார்க்க, எவ்வளவு தண்ணி வேணும், தெரியுமோ உங்களுக்கு? பச்சைப் பிள்ளைக்கு உவர்த் தண்ணி வார்க்கேலாது. மேல் வெடிச்சுப் போகும். நான் சைக்கிளில எத்தினை தரம் ஓடுறது?"

நடராசா கடைக்குப் போனார். மூலையில் நின்ற லொறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். லொறி பாரம் குறைந்தது. அது வெடியின் மேலால் போனாலும் வெடிக்காது. அதற்குப் பின்னால் றக்டருக்குப் பூட்டுவதுபோல ஒரு பெட்டி பூட்ட வேண்டும். பெட்டி, ஒரு ஆள் கால் வைப்பதுபோல மண்ணை அழுத்திக்கொண்டு போக வேண்டும். வெடிக்க வேண்டியது பெட்டிக்குக் கீழே வெடிக்கட்டும். தான் தென்னைக்குப் பின்னால் இருந்து றிமோட்டை அழுத்தினால் போதும். குசினி வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒரு பாதை திறந்துவிட்டால் மற்றக் காணியை அந்த நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் வந்து துப்புரவாக்கட்டும்.

ஆவணி முழுவதும் அந்தப் பெட்டியோடு போனது. பெயின்ற் ரின் இரண்டுக்குள் சீமெந்து நிரப்பி, நடுவில் சைக்கிள் அச்சைக் குத்திவிட்டுக் காயவைத்தார். அவை உருளைகள். பழைய கட்டில் சட்டத்தை வெட்டி மேலே ஒரு பெட்டி. லொறியிலிருந்து பெட்டியை எட்டத்தில் வைக்க வேண்டும் என்று நீளமான தண்ணிக் குழாய் ஒன்றை நடுவில் பூட்டினார். முதல் தரம் இழுத்துப் பார்த்தபோது லொறியின் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டின. சைக்கிள் ரயரை வெட்டிச் சில்லுகளுக்குச் சுற்றினார். இரண்டாம் தரம் குழாய் வளைந்தது. மூன்றாம் தரம் பெட்டி குடைசாய்ந்தது. கடைக்கு வந்தவர்கள் தங்கள் சைக்கிளைத் தாங்களே ஒட்டிக்கொண்டு போனார்கள்.

விமலேஸ்வரி ஒருநாள் தேத்தண்ணியோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதை வைச்சு என்ன செய்யப்போறியள் எண்டு எனக்குத் தெரியும். உது சரிவராது."

"ஏன் சரிவராது?"

"நாங்கள் ஒரு இடத்தைச் சுரண்டி முடிச்சால் இன்னொருத்தி வந்து திருப்பிப் பார்ப்பாள். அதுக்குப் பிறகு மேலதிகாரி பார்ப்பார். உருட்டிக்கொண்டு போய், வெடிக்கேல்ல, சரி எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்ல."

"சரி, உங்கட ஆக்கள் எப்ப வருவினம்? அதைச் சொல்லும். நான் இதைத் தூக்கிக் கிணத்துக்க போடுறன்."

விமலேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். நடராசா எப்படியும் செய்யத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு, பிழையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"செய்யிறதெண்டால் பெட்டி நிறையக் கல்லு வையுங்கோ. ஒரு பொம்பிளைப் பிள்ளை கால் வைச்சு ஏறி நிக்கிற பாரம் வேணும். கல்லு குறைஞ்சால் உது விளையாட்டுச் சாமான்தான்."

இடிந்த வீடொன்றின் அத்திவாரத்திலிருந்து கருங்கல் பொறுக்கி வந்து பெட்டியை நிரப்பினார். அதை இழுக்க லொறிக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் காய்ந்த மணலில் இழுத்தது.

முதல் நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. லொறி சிவப்புத் தடிகளைத் தாண்டிப் புல்லுக்குள் போகும், பெட்டி பின்னால் அரைத்துக்கொண்டு போகும், திரும்பி வரும். நடராசா தென்னைக்குப் பின்னால் குந்தியிருந்து, வியர்வையில் வழுக்கும் றிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். விமலேஸ்வரி குசினிக்குள் இருந்து சட்டி பானையை வேண்டுமென்றே சத்தமாக வைப்பார். புரட்டாதி பிறந்து ஒரு காலையில் நிலம் அதிர்ந்தது. காகங்கள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. புகை அடங்கியபோது ஒரு உருளை வேலிக்கு மேலால் பறந்து பக்கத்துக் காணிக்குள் கிடந்தது. லொறி முகம் கரிந்து, ஆனாலும் சில்லுச் சுற்றிக்கொண்டு நின்றது.

பொலிஸ் வந்து கேட்டது. காட்டுப் பன்றியாக இருக்கும் என்றார் நடராசா. பன்றியின் ஒரு மயிரைக்கூடக் காணவில்லையே என்று அவர்கள் பெரிதாகத் தேடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அன்று அவர்தான் பெரிய ஆள். இளையதம்பி என்ற கிழவர், வெள்ளைக்காரன் கோடி கோடியாய்க் கொட்டிச் செய்கிற வேலையை இவன் பெயின்ற் ரின்னால் செய்துவிட்டான் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். நடராசாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவருக்குக் கெட்ட காலம் பிடித்தது அந்த நாளில்தான் என்று எனக்குத் தோன்றும். ஒன்றும் வெடிக்காமலே இருந்திருந்தால் மனிதர் சலித்துப்போய் வேறு குடை ஒன்றைப் பறித்திருப்பார்.

"ஒண்டு வெடிச்சதால மற்றது இல்லை எண்டு ஆகாது" என்று விமலேஸ்வரி அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். ஆனால் குரலில் பழைய உறுதி இருக்கவில்லை. வருடக்கணக்காகக் கண்ணெதிரே கிடந்த கிணறு அவரையும் இழுத்தது.

நடராசா புது உருளை வார்த்தார். குசினிப் பின்வாசலிலிருந்து கிணற்றடிவரை, இரண்டு ஆள் கைகோத்து நடக்கிற அகலத்துக்கு, ஒரு இடம் விடாமல் மேலும் கீழும் உருட்டினார். போதும் என்று அவருக்குப் பட்ட பிறகும் விமலேஸ்வரி இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் என்று ஓட்டுவித்தார். பிறகு பாதையின் இரண்டு கரையிலும் அரைக்கல்லுகளுக்கு வெள்ளையடித்து வைத்தார்கள். முதலில் நடராசாதான் நடந்தார். கிணற்றுக் கட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மனைவி குசினி வாசலில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கிணறு முழுக்கப் பாசியும் ஓலையும். இரவல் மோட்டார் வைத்து இறைத்து, சுண்ணாம்பு போட்டு, மறுபடி இறைத்தார்கள். ஊறிய புதுத் தண்ணீரை நடராசா ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினார். விமலேஸ்வரி குடித்தார். பிறகு செம்பை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதார். இத்தனை வருடம் கூடவிருந்து அந்த மனுசி இப்படி அழுததை நடராசா பார்த்ததில்லை. தன் வாழ்நாளில் செய்த வேலைகளில் அந்தப் பெட்டிதான் நல்ல வேலை என்று அவர் அப்போது நினைத்தார். அப்படி நினைக்க அவருக்கு நியாயமும் இருந்தது.

மாரி அந்த வருடம் மூர்க்கமாக வந்தது. கார்த்திகையில் இரண்டு நாள் இடைவிடாமல் பெய்ததில் ஒழுங்கை ஆறாய் ஓடியது. பின்காணியால் வெள்ளம் போனது. வெள்ளம் வற்றியபோது வெள்ளையடித்த கற்களில் பாதி மண்ணுக்குள் போய்விட்டன. பாதையில் ஓரிடத்தில் மண் அரித்தும் ஓரிடத்தில் புது மண் குவிந்தும் கிடந்தது. விமலேஸ்வரி குசினி வாசலோடு நின்றுவிட்டார்.

"இனி ஒருத்தரும் இதால போகேலாது. மழை பெஞ்சால் கீழ கிடக்கிறது மேல வரும், அங்க கிடக்கிறது இங்க வரும். நாங்கள் மழை விட்டால் முடிச்ச இடத்தையும் திருப்பிப் பார்க்கிறனாங்கள். முதல்ல இருந்து ஓட்டுங்கோ. நிறையக் கல்லோட, ரெண்டு தரம்."

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வினோஜா வருகிறாள்.

வியாழன் காலை விமலேஸ்வரி மகளுக்கு அறை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது நடராசா பெட்டியை இறக்கினார். ஈர மணல் சில்லை விடவில்லை. லொறி முக்கி முனகி, நின்ற இடத்திலேயே புதைந்தது. தேங்காய்த் தும்பைப் பரப்பிப் பார்த்தார். பலகை வைத்துப் பார்த்தார். பற்றரியை மாற்றிப் பார்த்தார். சில்லிலிருந்து கரிப் புகை வந்தது. இரண்டு நாள் காயவிட்டால் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இரண்டு நாள்தான் இல்லை. மகள் வந்து இறங்குகிறபோது தண்ணீர் வேண்டும். அவரது அவசரம் அது.

பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நிலத்தில் வைத்தார். லொறி அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அப்படி ஒவ்வொன்றாய் எடுத்து, பெட்டி கிட்டத்தட்ட வெறும் பெட்டியான பிறகு, லொறி சட்டென்று புறப்பட்டது. நடராசாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. லொறி கிணற்றடிவரை போய், திரும்பி வந்து, மறுபடி போய் வந்தது. சொன்னபடி இரண்டு தரம். கல்லைப் பற்றிய யோசனை அவருக்கு வராமல் இல்லை; வந்தது. இந்தப் பாதையால் நிறைப் பாரம் எத்தனை தரம் போயிருக்கிறது, இது வெறும் மேற்பார்வை என்று அதைத் தள்ளிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எடுத்து வைத்த கற்களைப் பொறுக்கித் திரும்பவும் பெட்டிக்குள் அடுக்கினார். ஏன் அடுக்கினார் என்று கேட்டால், மனைவி கண்டால் சண்டை பிடிப்பார் என்ற ஒரு பயம். வேறு கள்ளம் எதுவும் அவர் மனதில் இல்லை. அடுக்கிவிட்டு, தானே முதலில் நடந்துபார்ப்பதென்று வாளியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கடையில் மணி அடித்தது. பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் காற்றுப்போன சைக்கிளோடு நின்றார். வாளியை வைத்துவிட்டு முன்பக்கம் போனார்.

ரியூப்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டிருந்தபோது விமலேஸ்வரி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓடினதோ?"

"ஓம். ரெண்டு தரம்."

விமலேஸ்வரி திரும்பிப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். பெட்டி நிறையக் கல் இருந்தது. குடத்தை எடுத்தார்.

நடராசாவின் கையில் ரியூப் இருந்தபடி இருக்கச் சத்தம் கேட்டது. பிறகு நடந்ததை அவர் ஒழுங்காகச் சொல்ல மாட்டார். பாதையால் ஓடினார் என்பது தெரியும்; இன்னொன்று கிடக்குமோ என்று அவர் பார்க்கவில்லை. விமலேஸ்வரி குடத்துக்குப் பக்கத்தில் முழு நினைவோடு கிடந்தார். "சாறத்தைக் கிழிச்சு இறுக்கிக் கட்டுங்கோ, முழங்காலுக்கு மேல" என்று அவரே சொன்னார். அந்த ரீச்சர்தான் ஓட்டோ பிடித்து வந்தார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றவர்களின் காணியில் அத்தனை வருடம் முழங்காலில் நின்று ஒரு கீறல்கூடப் படாத மனுசி.

இரண்டாம் நாள் விமலேஸ்வரிக்கு மருந்து மயக்கம் தெளிந்துவிட்டது. நடராசாவைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"கல்லு வைச்சு ஓட்டினனீங்களோ?"

நடராசா கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ. எனக்குத் தெரியோணும்."

"இல்லை" என்றார். "இழுக்கேல்ல விமலா. இறக்கிப்போட்டு ஓட்டினன்."

"அப்ப நான் பார்க்கேக்க பெட்டி நிறைய இருந்ததே."

விமலேஸ்வரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். தாதி வந்து மருந்து கட்டிவிட்டுப் போகும்வரை அப்படியே கிடந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. எனக்குக் கால் போயிட்டுது. அவளுக்குத் தகப்பனும் போகவேண்டாம்."

வினோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாட்டுக்குள் வந்து அழுதபோது தாய் அவளது தலையைத் தடவினார். "அப்பா நிறையக் கல்லோடதான் ஓட்டினவர் பிள்ளை. அது ஆழத்தில கிடந்திருக்கு. மழைக்கு மேல வந்திட்டுது. ஆர் ஓட்டியிருந்தாலும் அகப்பட்டிராது." நடராசா எழுந்து விறாந்தைக்குப் போய் நின்றார். பழைய நிறுவனத்துப் பெண்கள் பழங்களோடு வந்தார்கள். அவர்களுக்கும் விமலேஸ்வரி அதையே சொன்னார். விபத்தை விசாரிக்க வந்த அதிகாரிக்கும் சொன்னார். வேலை தெரிந்தவர் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு தரமும் நடராசா பக்கத்தில் இருந்து கேட்க வேண்டியிருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் பொய்யைத் தாங்குவது அவருக்குப் பெரும்பாடாய் இருந்தது.

வினோஜா தாய்வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை தையில் கிளிநொச்சியில் பிறந்தது. வேது கொடுத்தது மாமியார். விபத்து நடந்த காணி என்று நிறுவனத்துக்காரர் உடனே வந்தார்கள். அத்தனை வருடம் வராத முறை ஒரு காலுக்கு வந்தது. பின்காணியில் இன்னும் பலவற்றை எடுத்தார்கள். ஒன்று பாதைக்குள்ளேயே கிடந்தது. மாசி முடிவில் சிவப்புத் தடிகளைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

முப்பத்தொன்று கழித்து வினோஜாவும் கணவன் கிருசாந்தனும் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையில் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விமலேஸ்வரி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிள்ளை நடராசாவின் மடியில் கிடந்தது. பெண் பிள்ளை. அவரது பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டது.

கிருசாந்தன் கடையின் மூலைக்குப் போய் வந்தான். தகரத்தால் மூடி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, உதை நான் ஒருக்காக் கொண்டுபோகட்டோ? அம்மாவின்ர சீதனக் காணி முகமாலைப் பக்கம் கிடக்கு. இன்னும் சிவப்புத் தடிதான். நானும் தம்பியும் யோசிச்சனாங்கள், உதை ஓட்டிப்போட்டு ஒரு பாதையாவது எடுப்பம் எண்டு."

"வேண்டாம் தம்பி" என்றார் விமலேஸ்வரி. "உது விளையாட்டுச் சாமான்."

"இல்லை மாமி. ஒண்டைப் பிடிச்சதுதானே? உங்களுக்கு நடந்தது மழையால எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பெட்டியில பிழையில்ல. இப்ப வெயில். மணல் காய்ஞ்சு கிடக்கு."

"ஓம் அப்பா" என்றாள் வினோஜா. "அங்க எல்லாரும் உங்கட பெட்டியைப் பற்றித்தான் கதை. குடுத்துவிடுங்கோவன்."

நடராசா மருமகனைப் பார்த்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. வெறும் செருப்போடு நிற்கிறான். முகமாலை மண்ணில் பெட்டி இழுபடாத ஒரு இடம் வரும். அப்போது இவனும் ஒரு கல்லை எடுத்து நிலத்தில் வைப்பான்.

"அண்டைக்கு" என்று தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, தண்ணி கொதிச்சிட்டுது" என்றார் விமலேஸ்வரி. "இறக்குங்கோ."

நடராசா எழும்பவில்லை.

"அண்டைக்குப் பெட்டியில கல்லு இருக்கேல்ல" என்றார். "ஈரத்துக்கு இழுக்கேல்ல எண்டு நான் எல்லாத்தையும் இறக்கினனான். ஓட்டிப்போட்டுத் திருப்பி அடுக்கி வைச்சனான். அம்மா அதைப் பார்த்துப்போட்டுத்தான் போனவா. அம்மா சொன்னது எல்லாம் பொய். தம்பி, கல்லோட ஓட்டினாலும் அதை நம்பாதேங்கோ. நிறுவனத்து ஆக்கள் வந்து கிண்டேக்க, நான் நிறைக் கல்லோட எத்தினையோ தரம் ஓட்டின பாதைக்க இன்னொண்டு கிடந்தது."

விமலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். வினோஜா தாயின் பாவாடைக்குக் கீழே வெறுமையாய்க் கிடந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள். கிட்ட வந்து குனிந்தாள். பிள்ளையின் விரல்களை அவரது பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.